திருவள்ளூர் சொன்ன விடை

புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தார் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் அதை ஒரு தேர்வுக் குறிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். அதே ஆண்டில்தான் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தோன்றியது என்பதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். இலக்கிய வரலாற்று நூல்கள் இதைச் சொல்வதில்லை.

அந்நாளில் காசநோய்க்கு மருத்துவம் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஊட்டமான உணவு, மாதக்கணக்கில் ஓய்வு. தாம்பரத்தில் 1928 முதல் அப்படியொன்று இருந்தது. ஆனால் நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை போட எந்த அரசிடம் பணம் இருந்தது? 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. ஆய்வும் சிகிச்சையும் ஒரே இடத்தில் நடந்தன. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் வீட்டில். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர். படுக்கைகளைப் பெருக்கத் தேவையில்லை என்பதை ஒரு மருத்துவ நிறுவனமே நிறுவியது!

அடுத்த கேள்வி தடுப்பூசி பற்றியது. 1955-இலேயே பி.சி.ஜி.யை எதிர்த்து ராஜாஜி நூல் எழுதியிருந்தார். பிரிட்டனில் நல்ல பலன், வேறு சில இடங்களில் சொற்பப் பலன் என்று ஆய்வுகள் முரண்பட்டன. விடை தேடி ஆய்வாளர்கள் வந்த இடம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. 1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 3,60,000 பேரைப் பதிவு செய்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போடப்பட்டது மருந்தற்ற வெறும் திரவம். யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஒப்பிட்டறிய வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆயினும் வயல் வேலைக்கு நடுவே வந்து கையை நீட்டியவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1979-இல் வெளியான முதல் முடிவு உலகையே திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வந்தபோதும் அதுவே உறுதியாயிற்று. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் அதே இனத்து நுண்ணுயிரிகளுக்கு இம்மக்களின் உடல் முன்பே பழகியிருந்தது காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம். ராஜாஜி வென்றார் என்று அவசரப்பட வேண்டாம். அவரது பெரிய அச்சம் ஊசியால் வரக்கூடிய தீங்கு பற்றியது. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் இதைப் போடுகிறோம்.

சென்னை மையம் 2011-இல் தேசிய நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. கும்மிடிப்பூண்டியின் ஆலைகளையும் உள்ளடக்கிய திருவள்ளூர் 1997-இல் தனி மாவட்டமாயிற்று. அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். 1968-இல் கைக்குழந்தையாக ஊசி போட்டுக்கொண்டவருக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்றைத் தாண்டியிருக்கும்.