ஆடுகளமும் ஆவணமும்

முல்லைக்கலியின் ஏறுதழுவலை வகுப்பறையில் சுவைபட விரித்துரைக்கும் நாம், விளையாட்டை வரலாற்றுக்குரிய பொருளாக எண்ணத் தயங்குகிறோம். ஆய்வேட்டிற்கு அது தகுதியற்றது என்னும் எண்ணம் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இத்தயக்கத்தைக் கடந்தவர்களுள் ஒருவர் வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா.

1958-இல் டேராடூனில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த குகா, தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளியல் பயின்றபோது கல்லூரி அணியில் சுழற்பந்து வீசினார். அவருடன் ஆடிய அருண் லாலும் கீர்த்தி ஆசாத்தும் பின்னர் இந்திய அணியில் இடம்பெற்றனர். குகாவின் ஆட்டமோ கல்லூரியளவில் நின்றது. வெரியர் எல்வினின் எழுத்துகள் அவரைப் பொருளியலிலிருந்து சமூகவியலுக்குத் திருப்பின. கல்கத்தாவில் முனைவர் பட்ட ஆய்வு. இமயமலைக் காடுகளையும் சிப்கோ இயக்கத்தையும் பற்றிய முதல் நூல் 1989-இல் வெளிவந்தது.

காட்டு உரிமை இழந்த உழவர்களை ஆராய்ந்த அதே கண்ணோடு அவர் கிரிக்கெட்டிற்குத் திரும்பியதே நம் கவனத்திற்குரியது. 2002-இல் வெளிவந்த 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு' என்னும் நூலில் ஓட்டக் கணக்கைவிட ஓங்கி நிற்பவர் பல்வங்கர் பாலூ.

தோல்தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் 1876-இல் பிறந்தவர் பாலூ. புனேயில் ஐரோப்பியர் மன்றத்து ஆடுதளத்தைச் செப்பனிடும் கூலியாளாக இருந்து, அவர்களுக்கே பயிற்சிப் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பை அவர்கள் அவருக்கு அளித்ததில்லை. கையுழைப்பு கீழோர்க்கு, மட்டை மேலோர்க்கு! ஐரோப்பியரை வெல்லும் வேட்கையால் இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளை. உணவும் தனியே.

பந்தைத் தொட்ட கை குவளையைத் தொடும்போது மட்டும் தீட்டாவது எங்ஙனம்? ஓட்டப் பட்டியல்களுக்குள் தேடினால் இவ்வினா எழாது. ஆட்டத்தை அறிந்தவரும் சாதியை ஆராய்ந்தவரும் ஒருவராகவே அமைந்ததால் எழுந்த வினா இது. பயிற்சிக் களத்தில் யார் பந்து வீசுவார், யார் மட்டை பிடிப்பார் என்பது ஒரு சமூக ஏற்பாடு என்று காண, அக்களத்தில் நின்ற பழக்கமும் துணைசெய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. ஆனால் பாலூ மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்து அணியின் தலைமை அவருக்கு வாய்க்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-இல் தலைவரானார். அவ்வாண்டுப் போட்டியில் ஐரோப்பியரை வென்றது அவர் தலைமையிலான அணியே.

பாலூவின் கதை அத்துடன் முடியவில்லை. அவரை இளமையில் போற்றியவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் அந்த அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரசு நிறுத்திய வேட்பாளர் பாலூ. அத்தேர்தலில் அவர் தோற்றார்.