பொன்முகலிக் கரையோரம்: திருப்பதிப் பள்ளத்தாக்கின் பழைய வழிகள்

பாகாலாவை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளில் பிறக்கும் சுவர்ணமுகி ஆறு, சந்திரகிரி, திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. தேவாரத்திலும் பெரியபுராணத்திலும் முகலி, பொன்முகலி என்று வருவது இந்த ஆறுதான். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கரை நிறைந்து ஓடும். வடக்கே சேஷாசல மலைத்தொடர் நெடுஞ்சுவராக நிற்க, அதன் அடிவாரத்தில் ஏரிகளும் நெல்வயல்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் பரந்திருக்கின்றன. திருமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையேறித் தரிசனம் முடித்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலைக்கு அரசர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள், யாத்திரிகர்கள் எந்த வழியில் வந்தார்கள், எங்கே தங்கி எங்கே உண்டார்கள் என்பதற்கெல்லாம் விடை கீழே, இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

தமிழுக்கு இது நெடுங்காலம் எல்லை நிலம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நாட்டுக்கு வேங்கடத்தை வட எல்லையாகக் குறிக்கிறது. அகநானூற்றில் மாமூலனார் இந்த மலையைக் கள்வர் தலைவன் புல்லியின் நாடாகப் பாடியிருக்கிறார். யானைத் தந்தமும் கள்ளும் நெல்லும் கைமாறிய மலைச் சந்தையின் வாழ்க்கை அப்பாட்டில் தெரிகிறது. விழாக்களால் பேர்பெற்ற ஊர் என்ற குறிப்பும் அதிலேயே வருகிறது. ஆகவே பெருங்கோயிலும் பேரரசும் எழுவதற்கு முன்பே இங்கே கூட்டம் கூடியிருக்கிறது.

ஆற்றோடு இறங்கி வருகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது சந்திரகிரி. சுமார் 180 மீட்டர் உயரப் பாறைக்குன்றும், அதன் தென்புறம் பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதிலும் அகழியும் சேர்ந்ததே கோட்டை. 11ஆம் நூற்றாண்டில் யாதவராயர்கள் இதைத் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் இங்கிருந்து ஆண்டபோதுதான் திருமலைக்குப் பெரும் பொருள் சேரத் தொடங்கியது. அவர் ஆதரவில் மலைமேலும் கீழேயும் இராமானுஜகூடங்கள் ஏற்பட்டன. யாத்திரை வந்தவர்களுக்கு அங்கே இலவசமாகச் சோறு கிடைத்தது. இன்று திருமலையில் தினமும் நடக்கும் அன்னதானத்துக்குப் பின்னால் இவ்வளவு பழைய ஏற்பாடு இருப்பதைப் பந்தியில் உட்காரும் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. இரண்டாம் வேங்கடபதிராயர் 1592 அளவில் தலைநகரைச் சந்திரகிரிக்கு மாற்றினார். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் சாந்தோமிலிருந்து யேசு சபைப் பாதிரிமார் அவருடைய அரசவைக்கு வந்துபோனார்கள். 1639இல் மதராசப்பட்டினத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த கதையும் இந்த ஊரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கொடையை எழுதித் தந்தவர் கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர். அவருக்கு மேலே இருந்தவர் விஜயநகர அரசர் மூன்றாம் வேங்கடர். சென்னைக்காரர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால் ஜார்ஜ் கோட்டையோடு நிற்காமல் இங்கேயும் வரவேண்டும். கோல்கொண்டா, ஐதர் அலி எனக் கை மாறி, 1792க்குப் பின் கோட்டை ஆங்கிலேயர் வசமானது.

கோட்டைக்குள் எஞ்சி நிற்கும் ராஜ மகால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை இவற்றாலேயே கட்டியது, மரம் சேர்க்கவில்லை. வளைவுகள் இஸ்லாமியப் பாணியிலும், மேலே கூம்பி எழும் சிகரங்கள் கோயில் விமானப் பாணியிலும் அமைந்திருக்கின்றன. இரண்டும் ஒட்டவைத்ததாகத் தெரியாதபடி இழைந்து நிற்பதே இதன் அழகு. இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இதில் இயங்குகிறது. எதிரே இருக்கும் ராணி மகால் சிறியது, எளியது.

சந்திரகிரிக்குக் கீழே தொண்டவாடாவில் கல்யாணி, பீமா என்னும் சிற்றாறுகள் சுவர்ணமுகியோடு கூடுகின்றன. அந்தக் கூடலில் முக்கோட்டி அகத்தீசுவரர் கோயில் இருக்கிறது. அருகிலுள்ள ஸ்ரீநிவாச மங்காபுரத்துக் கல்யாண வேங்கடேசுவரர் கோயில், அன்னமாச்சாரியாரின் பேரன் சின்னத் திருமலாச்சாரியார் 1540இல் திருப்பணி செய்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை தொடங்குகிறது. 2,388 படிகள், தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே ஏற்றம் செங்குத்து. சந்திரகிரியிலிருந்து மலைக்குக் குறுக்கு வழி இதுதான் என்பதால், கிருஷ்ணதேவராயர் போன்ற அரசர்கள் இதன் வழியே ஏறியதாக மரபு. கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தது கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். 2021 நவம்பர் பெருமழையில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் இந்தப் படிகளை உடைத்தன. பழுது பார்த்து 2022 மே மாதம்தான் பாதையைத் திறந்தார்கள்.

திருப்பதியிலிருந்து மலையேறும் அலிபிரிப் பாதையோ எல்லோருக்குமான பாதை. 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். தொடக்கத்தில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம், காளி கோபுரத்துக்குப் பின் காட்டு நடுவே நீண்ட சமதளம், கடைசியில் முழங்கால் முறிச்சான். அந்தக் கடைசி ஏற்றத்தை இராமானுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலால் ஏறினார் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்வது. பதினைந்தாம் நூற்றாண்டில் சிறுவனாக இப்பாதையில் ஏறிய அன்னமாச்சாரியார் களைத்து அமர்ந்து பாடியதாகத் தெலுங்கு மரபு சொல்கிறது. நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறும் பெண்களை இன்றும் எந்த நாளிலும் பார்க்கலாம். அவர்களுக்கு ஏறுவதே வழிபாடு.

இந்தப் போக்குவரத்தை மாற்றியவை இரண்டு. 1891இல் காட்பாடியிலிருந்து கூடூருக்கு மீட்டர் கேஜ் ரயில் பாதை வந்தது. பாகாலா, சந்திரகிரி, திருப்பதி, ரேணிகுண்டா, காளஹஸ்தி என அது ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகவே போகிறது. மாட்டுவண்டியில் பல நாள் பிடித்த பயணம் ஒரு பகலுக்குள் அடங்கியது. அடுத்தது, 1944 ஏப்ரலில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்த மலைச் சாலை. அதுவரை மேலே போக எல்லோருக்கும் காலோ டோலியோதான் கதி. 1843 முதல் கோயிலை நிர்வகித்த ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடமிருந்து 1933இல் பொறுப்பேற்ற தேவஸ்தானம், தொடங்கிய பதினோரு ஆண்டுகளிலேயே இந்தச் சாலையைக் கண்டது. 1970களில் இரண்டாவது சாலையும் வந்தபின் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்றானது.

சாலைகள் வந்தாலும் காடு காடாகவே இருக்கிறது. சேஷாசலக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அரிதாகவே இயற்கையாக வளரும் செம்மரத்துக்கு இதுவே தாயகம். 1989இல் ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்காவும் 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. அடிவாரத்தில் கபில தீர்த்தத்தில் மழைக்காலத்தில் கோயில் குளத்துக்குள்ளேயே அருவி விழுகிறது. மலைமேல் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, காற்றும் நீரும் குடைந்த சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவு இருக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. மலைக்கு அப்பால், பாகராப்பேட்டைக் கணவாய் தாண்டிப் போனால் 270 அடி தலகோனா அருவி. சிறுத்தைகள் நடமாடும் காடு என்பதை நடப்பவர்கள் மறக்கக் கூடாது. 2023இல் அலிபிரிப் பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் குழந்தைகளோடு ஏறுவோருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது.

திருப்பதிக்குக் கீழே பத்மாவதித் தாயாரின் திருச்சானூர்; பல்லவர் காலக் கல்வெட்டில் இது திருச்சோகினூர். அதை ஒட்டிய யோகிமல்லவரத்துப் பராசரேசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உண்டு. ஆற்றோடு இன்னும் சென்றால் குடிமல்லம். இந்தியக் கலை வரலாறு படித்தவர்களுக்கு இந்தச் சிற்றூரின் பெயர் நன்கு தெரியும். பக்கத்து நகருக்கு வரும் லட்சக்கணக்கானோருக்குத் தெரியாது.

குடிமல்லத்துப் பரசுராமேசுவரர் கோயிலின் கருவறைத் தரை சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்தது. குனிந்து எட்டிப் பார்த்தால், சுமார் ஐந்தடி உயரத்தில் கருமை ஏறிய வழுவழுப்பான கல் இலிங்கம். அதன் முகப்பில், குந்தியிருக்கும் குள்ள உருவத்தின் தோள்மேல் காலூன்றி ஒரு வேடன்போல் சிவன் நிற்கிறான். வலக்கையில் பின்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்ட ஆட்டுக்கடா, இடக்கையில் சிறு கலம், தோளில் மழு. பூணூல் இல்லை. டி. ஏ. கோபிநாத ராவ் 1911இல் இதை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். காலத்தைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் வைப்பவர்களே அதிகம். எந்த நூற்றாண்டு என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. 1973இல் நடந்த அகழாய்வில் பழைய செங்கற்களும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன. பல்லவர், பாணர், சோழர் எனப் பலரும் இக்கோயிலுக்குக் கொடை தந்திருக்கிறார்கள். இன்று காணும் யானை முதுகு வடிவ விமானம், விக்கிரம சோழன் காலத்தில் 1126இல் எடுத்துக் கட்டியது. இரண்டாயிரம் ஆண்டு ஒரே இடத்தில் ஒரே மூர்த்திக்கு வழிபாடு நடப்பது எளிய செய்தி அல்ல.

அடுத்து தொண்டமநாடு. முதலாம் ஆதித்த சோழன் உயிர் நீத்த தொண்டைமானாற்றூர் இதுதான். மகன் பராந்தகன் இங்கே எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஸ்ரீகாளஹஸ்தி என்னும் திருக்காளத்தி. சேக்கிழார் சொல்லும் கண்ணப்பர் கதையில் இந்த ஆறு ஒரு பாத்திரமாகவே வருகிறது: கரையில் நெருப்பு மூட்டிப் பன்றி இறைச்சி வாட்டியதும், திருமஞ்சனத்துக்கு வாய் நிறைய நீர் முகந்ததும் பொன்முகலியில்தான். சம்பந்தரும் சுந்தரரும் கேதாரம் முதலான வடநாட்டுத் தலங்களை இங்கிருந்தபடியே பாடினார்கள் என்பது பெரியபுராணச் செய்தி. தமிழ் நாட்டின் விளிம்பில் நின்று வடக்கை நோக்கிப் பாடிய பாட்டுகள் அவை. கிருஷ்ணதேவராயர் 1516இல் கட்டிய ராஜகோபுரம் விரிசல் கண்டு 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. அதே இடத்தில் எழுப்பிய புதிய கோபுரத்துக்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது.

காளஹஸ்திக்கு இன்னொரு பெருமை கலம்காரி. மசூலிப்பட்டினத்தில் அச்சுக்கட்டையால் ஒற்றுவார்கள். இங்கே முழுக்க முழுக்கக் கையால் எழுதுவது. பழுப்பேறிய பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைத்து வெயிலில் காயவைப்பார்கள். புளியங்குச்சிக் கரியால் கோடு போட்டு, நுனியில் நூல் சுற்றிய மூங்கில் குச்சியால் கறுப்பை எழுதுவார்கள். அந்தக் கறுப்பு, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்து எடுத்தது. துணியில் ஊறிய கடுக்காயோடு சேர்ந்தவுடன் அது கருத்து நிலைத்துவிடும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசி, சாயவேரோ மஞ்சிட்டியோ இட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின் ஓடும் நீரில் துணியை அலசவேண்டும். தேங்கிய நீரில் சாயம் பரவித் துணியே கெட்டுப்போகும். தொழில் இந்தக் கரையில் ஊன்றியதற்கு ஆறும் கோயிலும் காரணம்: அலச நீர் கிடைத்தது, இராமாயண பாரதக் கதைகளை எழுதிய திரைகளுக்குத் தேவை இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கலை ஏறக்குறைய நின்றுபோன நிலையில், கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அகில இந்தியக் கைவினை வாரியம் 1950களில் இங்கே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. அந்த மறுமலர்ச்சியில் வளர்ந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆற்றில் மழைக்கால வெள்ளம் வடிந்தபின் நீரோட்டம் இருப்பதில்லை என்பதால், பல வீடுகளில் துணி அலசுவது இப்போது ஆழ்துளைக் கிணற்று நீரில் நடக்கிறது.

நிர்வாக எல்லைகள் பலமுறை மாறின. 1911இல் வடஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அது ஆந்திரத்தோடு போயிற்று. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது; வேங்கடம் வரவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சந்திரகிரி முதல் காளஹஸ்தி வரை ஆற்றங்கரைத் தலங்கள் அனைத்தும் இப்போது அந்த மாவட்டத்துக்குள் அடங்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறாத மார்கழி, தை மாதங்களில் வந்தால் இரண்டு நாளில் இவற்றை நிதானமாகப் பார்த்துவிடலாம்.