குழந்தைக்கு என்ன பெயர்?

திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் அருள்பணியாளர் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் சொல்லும் நாம், அந்தப் பெயரின் பொருளை அறிந்துதான் சொல்கிறோமா?

பட்டுத் தறிகளுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலும், வேலூர் மறைமாவட்டத்தின் பிற பங்குகளிலும் தாத்தா பாட்டிகளின் பெயர்கள் சின்னப்பன், இராயப்பன், சூசை, அருளப்பன், லூர்துமேரி என்று ஒலிக்கும். பேரப்பிள்ளைகளுக்கோ இணையத்தில் தேடிய பெயர்கள். பழைய பெயர்கள் பட்டிக்காட்டுத்தனம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். உண்மையில் அவை கவனமாகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்புகள்.

பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் 'சிறியவர்' என்று பொருள். எனவே அவர் சின்னப்பர். யோவான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்'. எனவே அருளப்பர். ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயரின் பொருள் மணிமுடி. முதல் மறைசாட்சியை நம் முன்னோர் முடியப்பர் என்றனர். பெனடிக்ட், ஆசீர்வாதப்பர் ஆனார். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் 'ராயி' என்றால் கல். இராயப்பர் என்ற பெயரை இதைக் கொண்டே விளக்குவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நம் பகுதியில் இவ்விளக்கம் எளிதில் புரியும். எழுத்தில் முன்னால் 'இ' வந்தாலும் பேச்சில் ராயப்பர்தான்.

வேறு சில பெயர்கள் ஒலியைப் பின்பற்றியவை. நற்செய்தியை இங்கே கொண்டுவந்தவர்களில் பலர் போர்த்துக்கீசியர். அவர்கள் வாயில் யோசேப்பு 'ஜுசே' என்று ஒலித்தார். தமிழ் நாவில் சூசை ஆனார். சவேரியார் என்பதும் அப்படியே. 'சேவியர்' ஆங்கில உச்சரிப்பு. சவேரியாரே அப்புனிதரின் காலத்து ஒலிக்கு நெருக்கமானது. யாக்கோபு, 'சான்தியாகோ' வழியாகச் சந்தியாகப்பர் ஆனார். அதில் 'சான்' என்பதே புனிதர் என்று பொருள்படும். ஆகவே 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது நாம் இருமுறை புனிதர் என்கிறோம்! அதனால் குறையொன்றுமில்லை.

வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரிலுள்ள 'பெருகச் செய்தல்' என்ற பொருளை அது தாங்கி நிற்கிறது. இன்று ஆண் குழந்தைக்குச் சிறிய, இனிய தமிழ்ப் பெயர் தேடுவோர் இதைவிட எங்கே போவது?

லூர்துமேரி, லூர்துசாமி என்ற பெயர்களுக்கு நம் பகுதியில் தனிக் காரணம் உண்டு. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர் தாராஸ் அடிகளார் எழுப்பிய லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. 1858-இல் அன்னை காட்சி தந்த ஊரின் பெயர் இவ்வாறு நம் வீடுகளுக்குள் வந்தது.

பழைய பெயர்கள் ஏன் விளங்காமல் போயின? 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் பேதுரு, பவுல், யோவான் என்றே வாசிக்கிறோம். அதனால் சின்னப்பன் என்ற பெயருடைய இளைஞர் ஜூன் 29 தம் பெயர்கொண்ட திருநாள் என்பதை அறியாமலே வளர்கிறார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் என்று நாம் அழைத்தவர் யோவான் பவுல்தான் என்பதும் பல சிறுவர்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோருமே.

புனிதர் பெயர்தான் வேண்டும் என்று இன்று கட்டாயமில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் புனிதர் பெயரைத் தராவிட்டால் அருள்பணியாளர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855-ஆம் எண், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடாதபடி பார்த்துக்கொள்ள மட்டுமே கேட்கிறது. ஆகவே அன்பரசி, இனியன் போன்ற பெயர்களுக்குத் தடையில்லை.

உறவினர் வற்புறுத்தல் இருக்கத்தான் செய்யும். எலிசபெத்துக்கும் இருந்தது (லூக்கா 1:59-63). உறவில் யாருக்கும் இல்லாத பெயர் என்று தடுத்தவர்கள் முன், வாய் பேச இயலாத செக்கரியா பலகையில் எழுதியே முடித்துவைத்தார்.

எழுதும்போது ஒன்றைக் கவனிப்போம். வீட்டில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்றிருந்தால், பின்னாளில் திருமணத்திற்கும் கடவுச்சீட்டுக்கும் அலைச்சல்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குள் பெயரை முடிவுசெய்து, அதே எழுத்துகளில் பங்குப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.