காத்திருந்த தகடு

மங்கிய பொருளொன்றை நாம் எத்துணை நேரம் உற்று நோக்கினாலும், ஓர் எல்லைக்குமேல் அது தெளிவடைவதில்லை. கண், தான் பெற்ற ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒளிப்படத் தகடோ துளித்துளியாகச் சேமிக்கிறது. நெபுலா எனப்படும் விண்முகில்களை இவ்வாறு முதலில் படம்பிடித்தவர் தொழில்முறை வானியலார் அல்லர். மருத்துவம் பயின்ற ஹென்றி டிரேப்பர் என்பவரே.

பழைய ஈரத் தகடுகள் சில நிமிடங்களிலேயே உலர்ந்து பயனற்றுப் போயின. 1871இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்டு மேடக்ஸ் வெளியிட்ட உலர் ஜெலட்டின் முறை இத்தடையை அகற்றியது. 1880 செப்டம்பர் 30 அன்று, ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்த தம் சொந்த ஆய்வுக்கூடத்தில், டிரேப்பர் 11 அங்குலத் தொலைநோக்கியின் வழியே ஓரியன் விண்முகிலை 51 நிமிடங்கள் பதிவுசெய்தார். பூமி சுழல்வதால், அந்நேரம் முழுவதும் கருவி விண்மீனைப் பிறழாது பின்தொடர வேண்டும். சற்றே தவறினும் புள்ளிகள் கோடுகளாகிவிடும். 1882 மார்ச்சில் அவர் 137 நிமிடங்கள் வரை காத்திருந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே, தம் 45ஆம் வயதில் மறைந்தார்.

பணி நிற்கவில்லை. 1883 சனவரியில், இலண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குல ஆடித் தொலைநோக்கியைக் கொண்டு, பொறியாளர் ஆண்ட்ரூ காமன் அதே விண்முகிலைப் படம்பிடித்தார். அத்தொலைநோக்கியில் கண்ணுக்கே புலப்படாத விண்மீன்களும் அத்தகட்டில் தோன்றின.

1888இல் கட்டட ஒப்பந்தக்காரர் ஐசக் ராபர்ட்ஸ், லிவர்ப்பூல் அருகே, ஆண்ட்ரோமீடாவைப் பல மணி நேரம் பதிவுசெய்து அதன் சுருள் வடிவை வெளிப்படுத்தினார். ஆனால் அது சூரிய மண்டலமொன்று உருவாகும் காட்சி என்றே கருதப்பட்டது. 1923இல் எட்வின் ஹபிள் அதில் கண்டறிந்த மாறொளி விண்மீன், அது நம் பால்வீதிக்கு வெகு தொலைவிலுள்ள தனி விண்மீன் மண்டலம் என்பதற்குச் சான்றாயிற்று. தகடு பொய் சொல்லவில்லை. பொருள் கொண்டவர்களே தவறினர்.

எண்ணற்றோர் படமெடுத்துவிட்ட அதே ஆண்ட்ரோமீடாவின் அருகே, 2022இல் தன்னார்வ வானியலார் சிலர், நூறு மணி நேரத்திற்கும் மேலான பதிவுகளைச் சேர்த்து, அதுவரை எவரும் அறியாத ஒளிவளைவு ஒன்றைக் கண்டனர். அதுவும் சிறு தொலைநோக்கியின் துணைகொண்டே! அவ்வளைவின் இயல்பு தொடர்ந்து ஆராயப்படுகிறது.

ஒரு பொருளைப் பார்த்து முடித்துவிட்டோம் என நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் எத்துணை அவசரமானது என்பதை டிரேப்பரின் 51 நிமிடங்கள் நமக்கு இன்றும் உணர்த்துகின்றன.