சால் விலகிய ஏர்: சித்தக் கலக்கமும் மின்சார வைத்தியமும்

காய்ச்சல் முற்றிய நோயாளி உற்றாரை அடையாளம் காணாமல், சுவரிலே ஏதேதோ ஊர்வதாகச் சொல்லித் தொடர்பின்றிப் பிதற்றத் தொடங்கினால், ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று நம் பாட்டிமார் சொல்வர். வாத பித்த கபங்கள் மூன்றும் ஒருங்கே நிலைகுலைவதைச் சன்னிபாதம் என்றனர் நம் பண்டை வைத்தியர். ஜன்னி என்பது அச்சொல்லின் மரூஉ. அதனை அவர்கள் சுரத்தின் கடுமையான கட்டமாகக் கொண்டார்களேயன்றி, உன்மத்தம் என்னும் பித்தோடு ஒன்றாக்கவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று. பிற்காலத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இது மறக்கப்பட்டது. உடல்நோயால் கலங்கியவர்கள் ‘புத்தி பேதலித்தவர்கள்’ என்று ஒதுக்கப்பட்டார்கள்.

மேனாட்டினர் இதற்கு வழங்கும் பெயர் டெலிரியம். கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்னும் ரோமானியர் தம் மருத்துவ நூலில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அதன் பிறப்பு சுவையானது. லத்தீன் மொழியில் ‘லீரா’ என்பது உழவுச் சால். உழுத சாலினின்று விலகிச் செல்லும் ஏரைப் போன்ற மனம் என்பதே டெலிரியம். ஏர் பிடித்தவர் எவரும் இதைவிடப் பொருத்தமான உவமை தேடமாட்டார். ஏரும் பழுதாகவில்லை, மாடும் சாகவில்லை. ஆயினும் சால் கோணிவிட்டது. கோணிய சாலை மீண்டும் நேராக்கலாம் என்ற நம்பிக்கையும் அவ்வுவமைக்குள் அடங்கியிருக்கிறது.

அதே முதல் நூற்றாண்டில், கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் வேறொரு குறிப்பை எழுதிவைத்தார். தீராத தலைவலிக்கு, உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனை எடுத்து, வலி நின்று அவ்விடம் மரத்துப்போகும்வரை தலைமேல் வைக்கவேண்டும் என்பது அது. மின்சாரம் என்ற பொருளையே உலகம் அறியாத காலம்! எனினும், மண்டையோட்டைத் திறவாமல், வெளியே இருந்தபடியே மின்விசையைச் செலுத்திச் செய்யும் வைத்தியத்தின் முதற் சுவடுகளில் ஒன்று இதுவே எனலாம்.

அதன்பின் நெடுங்காலம் கடந்து, 1791ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோனா நகரத்துக் கால்வானி, தவளைக் கால்களின் துடிப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1800இல் வோல்ட்டா தம் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். கால்வானியின் மருமகன் ஜியோவானி ஆல்டினி சும்மா இருப்பவரல்லர். வோல்ட்டாவின் அடுக்கிலிருந்து வரும் மின்சாரத்தை முதலில் தம் தலையிலேயே செலுத்திப் பார்த்துக்கொண்டு, பின்னர் 1801இல் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்திருந்த 27 வயது உழவர் ஒருவருக்கு அதனைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். அவர் தேறினார் என்று ஆல்டினி எழுதினார். அதே ஆல்டினி 1803இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் பிணத்தின்மீது மின்சாரத்தைச் செலுத்தி, அதன் தாடை நடுங்குவதையும் ஒரு கண் திறப்பதையும் பலர் முன்னிலையில் காட்டினார். வைத்தியமும் வேடிக்கையும் இப்படி ஒரே மேடையில் நின்றதால், இத்துறைக்கு அறிஞரிடையே நேர்ந்த அவப்பெயர் எளிதில் நீங்கவில்லை.

ஆனால் சித்தக் கலக்கத்தின் வரலாற்றில் உண்மையான திருப்பத்தை உண்டாக்கியது, மூளைக்கு மின்சாரம் கொடுத்த கருவியன்று. மூளையின் மின்சாரத்தைக் கேட்டறிந்த கருவி. ஜெர்மனியின் ஜீனா நகரத்து வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்து, ஐந்தாண்டுகள் தயங்கியபின் 1929இல் அதனை வெளியிட்டார். கண்மூடி அமைதியாக விழித்திருப்பவரின் தலையில் வினாடிக்கு ஏறத்தாழப் பத்து அலைகள் எழுகின்றன. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய ஜார்ஜ் எங்கெல், ஜான் ரோமானோ என்ற இருவர் இக்கருவியைச் சித்தக் கலக்கம் கொண்டவர்களிடம் பயன்படுத்தினர். நோயாளியின் அறிவு மங்க மங்க, அலைகளின் வேகமும் குறைந்தது. உடற்கோளாறு நீங்கி அவர் தெளியும்போது, அலைகளும் பழைய நடைக்குத் திரும்பின. 1959இல் அவர்கள் எழுதிய கட்டுரை, டெலிரியம் என்பது மூளையின் செயற்குறைவு என்று அறுதியிட்டது. இருதயமும் சிறுநீரகமும் சோர்வது போல மூளையும் சோரும் என்பது அவர்கள் கருத்து. இதனை வைத்தியர்கள் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்ற மனக்குறையும் அக்கட்டுரையில் தொனிக்கிறது. நம் பண்டையோர் வேறு மொழியில் சொன்னதைத்தான் அந்த அலைக்கோடுகள் மெய்ப்பித்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, மின்சாரத்தைக் கொடுக்கும் பக்கத்திற்கு வருவோம். 1938இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இருவர் வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்ச்சி முறையைத் தொடங்கினர். அது வலிய முறை. பிற்காலத்தில் மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்தே அதனைச் செய்யலாயினர். வேறெதற்கும் அடங்காத சில சித்தக் கலக்க நோயாளிகளுக்கு இது பயன்பட்டதாகத் தனித்தனிக் குறிப்புகள் உண்டு. பொது வைத்தியமாக அது ஆகவில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் கூட்டாளிகளும் மென்மையான வழியொன்றைக் கண்டனர். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் கண்ட விதியே அதற்கு அடிப்படை. தலைக்கு மேலே ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, கணநேரக் காந்தத் துடிப்பை எழுப்பினால், உள்ளே மூளையில் மின்னோட்டம் பிறந்து, எதிர்ப்பக்கக் கை தானே அசைகிறது. மனச்சோர்வுக்கு இம்முறையைக் கையாள அமெரிக்க அரசு 2008இல் ஒப்புதல் அளித்தது.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் இன்னும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். ஈரமான இரு பஞ்சுத் திண்டுகளை நெற்றியிலும் உச்சியின் பக்கத்திலும் வைத்து, ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரத்தைச் சில நிமிடங்கள் செலுத்தினர். அது நரம்பணுக்களை இயங்கச் செய்வதில்லை. இயங்குவதற்கான ஆயத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது, அவ்வளவே. நின்ற மாட்டைச் சாட்டையால் அடிப்பதற்கும், முதுகில் தட்டிக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று கொள்ளலாம். ஆல்டினி அன்று செய்ததன் அடக்கமான பேரன் இம்முறை.

சித்தக் கலக்கத்தில் மூளையின் அலைகள் மந்தமாகின்றன, அதன் பகுதிகளிடையே உள்ள இணக்கம் தளர்கிறது என்றால், இத்தகைய மெல்லிய விசையால் அவற்றை நடைக்குக் கொண்டுவர முடியுமா? இக்கேள்வியே இந்நூற்றாண்டின் மூன்றாம் பத்தில் சில ஆராய்ச்சியாளரை ஈர்த்தது. மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைக்கு உட்படும் முதியோருக்குக் கலக்கம் வராமல் தடுக்க இம்மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தனர். நம்பிக்கை தரும் பலன்கள் வந்தன. ஆனால் ஆய்வுகள் சில. அவற்றில் சேர்ந்த நோயாளிகளும் சிலர். தலையில் எவ்விடம், எவ்வளவு நேரம், கலக்கம் வந்தபின் கொடுத்தால் பயனுண்டா என்பவற்றில் முடிவு எட்டப்படவில்லை. மேலும், சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ, ஒவ்வாத மருந்தோ உள்ளே இருந்து மூளையைக் கலக்கும்போது, அதனைக் கண்டு நீக்காமல் தலையில் மின்சாரம் கொடுப்பது, ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதாகும்.

உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட வழி வேறு. அது சற்று வியப்பையும் ஊட்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனூயி 1999இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள் சேர்ந்தனர். ஒரு பகுதியினருக்கு நாளும் இடமும் நினைவூட்டி, மூக்குக் கண்ணாடியும் செவிக் கருவியும் எடுத்துக் கொடுத்து, நீர் பருகச் செய்து, எழுந்து நடக்கவைத்து, இரவில் உறக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 100க்கு 15 பேருக்கு வந்த சித்தக் கலக்கம், இவர்களில் 100க்கு 10 பேருக்குத்தான் வந்தது.

பம்பாயிலோ டில்லியிலோ கல்கத்தாவிலோ மகனோடு வந்து வாழும் தமிழ் முதியோரைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தாயாரிடம், இன்று என்ன கிழமை என்று ஹிந்தியில் கேட்டால் அவர் விழிப்பார். அது கலக்கமா, மொழியறியாமையா என்று தாதிக்குத் தெரிய வழியில்லை. மாறாக, பிதற்றாமல் கூச்சலிடாமல், சோர்ந்து பேசாமல் கிடக்கும் சித்தக் கலக்கமும் உண்டு. பெரும்பாலும் தப்பிப்போவது அதுவே. ‘பாஷை தெரியாததால் பேசவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். 1990இல் இனூயி வகுத்த சோதனை முறையில் முதலாவதாக ஆராயப்படுவது, நோயாளியின் மனநிலை வழக்கத்திலிருந்து திடீரென்று மாறிற்றா, நாளுக்குள் ஏறி இறங்குகிறதா என்பதே. அதற்கு விடை இரத்தப் பரிசோதனையிலும் இல்லை, அலைக்கருவியிலும் இல்லை. நேற்றுவரை பேரன் பெயரைச் சொல்லி அழைத்தவர் இன்று காலையிலிருந்து அழைக்கவில்லை என்பதை, கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மகளோ மருமகளோதான் வைத்தியரிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.