8 ஜிபி போட்டோம், 3.4 ஜிபிதான் காட்டுகின்றது: மன்னாரிலுள்ள பழைய கணினிகளுக்கான வழிகாட்டி

பேசாலையிலோ வங்காலையிலோ தலைமன்னாரிலோ பல வீடுகளிலுள்ள கணினி புதிதாக வாங்கியதல்ல. கனடாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியது, அல்லது கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. அது மெதுவாக இயங்கத் தொடங்கும்போது எல்லோரும் சொல்லும் முதல் ஆலோசனை, "றாம் கூட்டிப் பாருங்கோ" என்பதுதான். சிரமப்பட்டுச் சேர்த்த காசில் ஒரு றாம் காட் வாங்கிப் பொருத்துகின்றோம். கணினியோ அதில் பாதியைத்தான் காட்டுகின்றது. சிலவேளை ஒன்றையுமே காட்டுவதில்லை.

இந்நிலையில் பலர் அந்த றாம் பழுது என்று முடிவுசெய்து இன்னொன்றை வாங்குகின்றார்கள். பெரும்பாலான வேளைகளில் அது தேவையற்ற செலவு. தடை எங்கே இருக்கின்றது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கமுடியும்.

முதலில் பிரதி எடுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்னர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எமது வீடுகளிலுள்ள கணினிகளில் பிள்ளைகளின் பாடங்கள் மட்டும் இருப்பதில்லை. இடம்பெயர்வுகளில் தப்பிய ஒரேயொரு புகைப்படத்தின் பிரதி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமலாக்கப்பட்ட உறவு தொடர்பாகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பழுதான றாம் கணினியை மெதுவாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. நீங்கள் ஒரு கோப்பைத் திறந்து சேமிக்கும்போதோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி செய்யும்போதோ அதைச் சத்தமில்லாமல் சிதைத்துவிடவும் கூடும். சிதைந்தது தெரியவருவது மாதங்கள் கழித்து அந்தப் படத்தைத் திறக்கும்போதுதான்.

எனவே புதிய றாமைப் பொருத்துவதற்கு முன்னரே, பழைய றாமுடன் கணினி ஒழுங்காக இயங்கும்போதே, முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றிலோ பென்டிரைவிலோ பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். மூலப் பத்திரங்களை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள்.

இரண்டு எண்கள்

இனி இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, பயோஸ் காட்டும் அளவு. கணினியை இயக்கியவுடன் டெல் நிறுவனக் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, வேறு பலவற்றில் டிலீட் விசையை அழுத்தினால் பயோஸ் திறக்கும். இரண்டாவது, விண்டோஸ் காட்டும் அளவு. "திஸ் பிசி" என்பதில் வலது சொடுக்கி "புரொப்பர்ட்டீஸ்" சென்றால் அது தெரியும். "8.00 ஜிபி (3.41 ஜிபி யூஸபிள்)" என்பது போல இரண்டு அளவுகள் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

பயோஸ் முழு அளவையும் காட்டி விண்டோஸ் குறைத்துக் காட்டினால், றாமில் குறையில்லை. தடை பெரும்பாலும் மென்பொருளில் உள்ளது. பயோஸே குறைத்துக் காட்டினால், தடை வன்பொருளில் உள்ளது.

விண்டோஸ் மட்டும் குறைத்துக் காட்டினால்

அதிகம் காணப்படும் காரணம் 32 பிற்று விண்டோஸ். 32 பிற்று முகவரிகளால் எண்ணக்கூடியது மொத்தம் 4 ஜிபி மட்டுமே. அந்த முகவரிகளில் ஒரு பகுதியை வரைகலை அட்டை போன்ற சாதனங்கள் எடுத்துக்கொள்வதால், 3 முதல் 3.5 ஜிபி வரையே மிஞ்சும். நீங்கள் 8 அல்ல, 16 ஜிபி போட்டாலும் இதே அளவுதான். மேற்சொன்ன அதே திரையில் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் 32 பிற்றா 64 பிற்றா என்பது எழுதியிருக்கும். இதற்குத் தீர்வு 64 பிற்று விண்டோசைப் புதிதாக நிறுவுவது. பழையதன்மேல் அப்படியே தரமுயர்த்த முடியாது. கோப்புகள் அழியும் என்பதால் முன்பு எடுத்த பிரதி இங்கே உதவும்.

64 பிற்றாக இருந்தும் குறைவாக இருந்தால், தேடல் பெட்டியில் "எம்எஸ்கொன்ஃபிக்" என ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, "பூட்" பகுதியில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" திறவுங்கள். அங்கே "மக்ஸிமம் மெமரி" என்பதற்கு முன்னால் சரியடையாளம் இருந்தால் அதை நீக்கிவிட்டு மீள இயக்குங்கள்.

தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் திரைக்காக றாமின் ஒரு பகுதி ஒதுக்கப்படும். 8 ஜிபியில் 7.8 தெரிந்தால் அது வழமையானது. 6 மட்டும் தெரிந்தால் பயோசில் வரைகலைக்கு ஒதுக்கிய அளவைக் குறைத்துப் பாருங்கள்.

பழைய விண்டோஸ் 7 பதிப்புகளுக்கும் எல்லை உண்டு. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. 64 பிற்று ஹோம் பேசிக் 8 ஜிபியுடனும் ஹோம் பிரீமியம் 16 ஜிபியுடனும் நின்றுவிடும்.

பயோஸே குறைத்துக் காட்டினால்

தாய்ப்பலகைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. இன்டெல் ஜி41 சிப்செற் உள்ளவை 8 ஜிபி வரையும், எச்61 உள்ளவை 16 ஜிபி வரையுமே ஏற்கும். அதைவிடப் பழைய 945 வகைகளில் 4 ஜிபி போட்டாலும் சுமார் 3 ஜிபியே கிடைக்கும். 64 பிற்று விண்டோஸ் போட்டாலும் அது மாறாது. தாய்ப்பலகையில் அச்சிடப்பட்டுள்ள மாதிரி இலக்கத்தை இணையத்தில் தேடினால் அதன் எல்லை தெரியும்.

அடுத்து றாமின் வகை. டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் பொருந்தாது. பலமாக அமுக்கினால் ஸ்லொட்தான் உடையும். ஆனால் 1.35 வோல்ற் மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ற் டிடிஆர்3 பொருந்தும், இயங்காது. வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் சேவர் றாம்களும், ஏஎம்டி கணினிகளுக்கென்றே விற்கப்படும் சில டிடிஆர்3 றாம்களும் சாதாரண இன்டெல் கணினியில் வேலை செய்யாது. உறவினர் அனுப்புமுன் பழைய றாமின் லேபலைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவது நல்லது.

வகையும் சரியென்றால் தொடுபுள்ளிகளைப் பாருங்கள். மன்னார்த் தீவின் காற்று உப்புக் காற்று. தென்கரையில் தம்பபவனி காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உப்பையும் நுண்மணலையும் வீட்டுக்குள் கொண்டுவந்து, கணினிக்குள் படியவைக்கின்றது. மின் இணைப்பைக் கழற்றி, மடிக்கணினியானால் பற்றரியையும் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டபின் றாமை எடுத்து, அதன் பொன்னிறத் தொடுபுள்ளிகளை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். அது இல்லையென்றால் மென்மையான வெள்ளை அழிறப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் அகற்றுங்கள். மண்கடதாசி வேண்டாம். ஸ்லொட்டையும் உலர்ந்த தூரிகையால் துடைத்து, இருபுறக் கொக்கியும் "கிளிக்" என்று பூட்டும்வரை சமமாக அழுத்துங்கள்.

அப்படியும் தெரியாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு றாமை மட்டும் ஒரு ஸ்லொட்டில் போட்டு இயக்குங்கள். இரண்டு றாமும் இரண்டு ஸ்லொட்டும் என்றால் நான்கு முறை. ஒரு றாம் எந்த ஸ்லொட்டிலும் தெரியாவிட்டால் குறை றாமில். எந்த றாமைப் போட்டாலும் ஒரு ஸ்லொட் மட்டும் தெரியாவிட்டால் குறை பலகையில். அல்லது புரொசெசரின் அடியிலுள்ள நுண்ணிய ஊசியொன்று வளைந்திருக்கலாம். அண்மையில் யாராவது புரொசெசரையோ அதன் விசிறியையோ கழற்றியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஊசியை வீட்டில் தொடவேண்டாம்.

முழுவதும் தெரிந்த பிறகு

முழு அளவும் தெரிகின்றது என்பதற்காக றாம் நல்லது என்று பொருளல்ல. இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த றாமைப் பாவிக்காதீர்கள். அதுவரை பழைய புகைப்படங்களையோ ஆவணங்களையோ திறந்து சேமிக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் கடைக்குப் போகவேண்டியிருந்தால், எழுதிய எண்களையும் எந்த றாம் எந்த ஸ்லொட்டில் இயங்கியது என்பதையும் கொண்டுசெல்லுங்கள். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுபவருக்கு அந்தத் தாள் இரண்டாவது பயணத்தை மிச்சப்படுத்தும். வன்தட்டை அழிக்கவேண்டும் என்று கடையில் சொன்னால், பிரதி வீட்டில் இருக்கின்றதா என்று உறுதிசெய்த பின்னரே சம்மதியுங்கள்.