பிறர் கொடியின் கீழ்



ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் நாள் புதுவைக் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரரின் நினைவாக 1938-இல் திறக்கப்பட்ட சின்னம் அது. அந்நாளே புனித மார்ட்டினின் திருநாளும் ஆகும். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் போர்வையைப் பாதியாக வெட்டித் தந்த அவரும் ஒரு சொல்தாவே! இன்று பிரான்சு எனப்படும் காலியா நாட்டில் உரோமைப் படையில் பணிபுரிந்தவர்.

அப்படையில் இருந்தோர் உரோமையர் மட்டுமல்லர். தொடக்க நாள்களில், துணைக் காலாட்படையில் 25 ஆண்டு ஊழியம் செய்த பிற குலத்தார் குடியுரிமை பெற்றனர். அதற்குச் சான்றாக வெண்கலத் தகடும் உண்டு. 212-இல் கராகல்லா மன்னர் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை அளித்தார். பின்னர் எல்லைக்கு அப்பாலிருந்து பிராங்கியர், அலமானியர் முதலிய செர்மானியர் பெருமளவில் சேர்ந்தனர். நான்காம் நூற்றாண்டில் காலியரும் செர்மானியரும் நிறைந்த துணைப்படைகளே மன்னரின் சிறந்த காலாட்படைகளுள் எண்ணப்பட்டன.

ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் அனுப்பமாட்டோம் என்று அவர்களில் சிலருக்கு வாக்குத் தரப்பட்டிருந்தது. ஆயினும் 360-இல் பாரசீகப் போருக்குப் புறப்படும்படி மன்னர் கொன்ஸ்தான்சியுஸ் கட்டளையிட்டார். "நாங்கள் போய்விட்டால் எங்கள் குடும்பங்கள் மீண்டும் அலமானியருக்கு அடிமைகளாகுமே" என்பதே வீரர்களின் முறையீடு. முடிவில் பாரிசு நகரில் தளபதி ஜூலியனைக் கேடயத்தின்மேல் தூக்கி மன்னராக்கினர். வாக்குத் தவறிய அரசு தன் படையையே இழந்தது.

நம் புதுவையின் கதையும் இதற்கு வெகு தூரமன்று. 1746-இல் அடையாற்றங்கரையில் நவாபு அன்வருதீனின் பெரும்படையைப் பிரெஞ்சுப் படை முறியடித்தபோது, அதில் ஐரோப்பியர் சில நூறு பேரே; சிப்பாய்களோ சுமார் 700 பேர். பிற்காலத்தில் நம்மவர் இந்தோசீனா வரை சென்று பணியாற்றினர். 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்குப் பிறந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டவராகவும் தம்பி வேறு நாட்டவராகவும் ஆனதுண்டு.

வென்ற மன்னர் பெயரை வரலாறு எழுதும். காலாள் பெயரை அவன் வீட்டார்தான் காக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பதக்கமோ மங்கிய படமோ இருந்தால், அவர் எந்தப் படையில், எந்த ஊரில் இருந்தார் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். வரும் நவம்பர் 11-இல் திருப்பலியின்போது அவர் பெயரையும் நினைவுகூருவோம்.